சட்டைப் பைக்குள் வஞ்சிரம்

சம்பந்தி வீட்டு விருந்தில் ஒரு மனிதன் எத்தனையோ விதமாக மானத்தை இழக்கலாம். நான் ஒரு வறுத்த வஞ்சிரத்தால் இழந்தேன்.

வைத்திக்குப்பத்தில் மகளைக் கொடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்கள் மீன் வியாபாரக் குடும்பம். நாங்கள் மில் வேலைக் குடும்பம். கல்யாணத்தின்போது என் சொந்தக்காரர்கள் சிலர் முகம் சுளித்தது அவர்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் சம்பந்தியம்மா அன்று வஞ்சிரம், இறால் தொக்கு என்று என் இலையை நிரப்பிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

என் பிரச்சினை வேறு. சில மாதங்களாக எதைச் சாப்பிட்டாலும் அரை மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழியும். அதனால் வீட்டில் ‘கம்பெனியில் சாப்பிட்டேன்’ என்பேன். நான் வேலை பார்க்கும் சேதராப்பட்டுக் கம்பெனியில் ‘வீட்டில் சாப்பிட்டேன்’ என்பேன். (கேஸ் மாத்திரை மட்டும் இரண்டு இடத்திலும் சாப்பிட்டேன்.) பேன்ட் பெல்ட்டின் தயவில் நின்றுகொண்டிருந்தது.

சம்பந்தியம்மா ரசம் எடுக்க உள்ளே போனதும் மீன் துண்டைப் பேப்பரில் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டேன். வெள்ளைச் சட்டை. (மூளை அவ்வளவுதான்.) மிளகாய் எண்ணெய் இடது மார்பில் சிவப்பாகப் பரவியது எனக்குத் தெரியாது.

"அம்மா, மாமாவுக்கு நெஞ்சுல ரத்தம்" என்று பாய்ந்து வந்த மருமகன், பைக்குள் கையை விட்டு வஞ்சிரத்தை வெளியே எடுத்தார்.

ரசத்தோடு வந்த சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டார். "ஏன்ணே, எங்க வூட்டு மீனு உங்களுக்கு எறங்கலையா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நாளை முதல் அந்த வீட்டில் அவள் எப்படித் தலை நிமிர்வாள்? மானமாவது மண்ணாவது என்று, வலியைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னண்ணே" என்று கடிந்துகொண்ட சம்பந்தியம்மா, மறுநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு என்னைக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

"பசியே இல்லையா, இல்ல பசிச்சும் சாப்பிட பயமா?" என்று கேட்டார் டாக்டர்.

"பயம்தாங்க."

"சட்டப் பையில மீன ஒளிக்கிற அளவுக்கு பயங்க" என்றார் சம்பந்தியம்மா.

டாக்டர் சிரிக்கவில்லை. என் சிகரெட் கணக்கைக் கேட்டார். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துச் சுருங்கியிருந்தது. சாப்பிட்டதும் குடலுக்குக் கூடுதல் ரத்தம் வேண்டுமாம், அது கிடைக்காமல்தான் அந்த வலி. இன்னும் விட்டிருந்தால் குடலே அழுகியிருக்கலாம் என்றார். தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு, குழாயை விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். சிகரெட்டுக்கு அன்றோடு முழுக்கு.

டிஸ்சார்ஜ் ஆனதும் சம்பந்தி வீட்டில்தான் சாப்பிட்டேன். பிறகு அரை மணி நேரம் எல்லோரும் கடிகாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலி வரவில்லை. நான் அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் நான் அங்கே சாப்பிட்டுக் கிளம்பும்போது மருமகன் என்னைக் கட்டிப்பிடித்து வழியனுப்புகிறார். பாசம் என்றே நினைத்திருந்தேன். பையைத் தடவிப் பார்க்கிறார் என்று மகள் சொல்லித்தான் தெரியும். தடவட்டும். அந்தக் கையால்தான் நான் பிழைத்தேன்.