ஞானம்பிகையின் கவர் சரித்திரமான விதம்

பலேர்மோவில் ஒரு நக்கல் கவிஞர் இருந்தார். சிசிலிப் பேச்சுவழக்கிலேதான் எழுதுவார். தபாற்கந்தோர் வரிசையைத் திட்டி மட்டும் நூற்றுப்பன்னிரண்டு பாட்டு. உயிரோடு இருந்தவரை தபாற்காரர் எவரும் அவருக்கு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. செத்து முப்பது வருடம் கழிந்ததும், அன்னார் இனி எழுதமாட்டார் என்பது ஐயந்திரிபற உறுதியானதால், ஞாபகார்த்த முத்திரை வெளியிட மேலிடம் தீர்மானித்தது.

வெளியீட்டு நாள் காலை, விழா நடக்கவிருந்த தபாற்கந்தோருக்கு ஞானம்பிகை அக்கா போனார். சிஞ்ஞோரா என்று கூப்பிடும் இத்தாலியச் சீமாட்டி ஒருத்தி வீட்டில் சமையல் வேலை. கையில், இத்தாலியில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் விண்ணப்பக் கவர். அனுப்பக் கடைசி நாள் அன்றுதான். கவரைக் கொடுத்தால் ரிசீது தருவார்கள். அந்த ரிசீது இருந்தால்தான் அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் மகள் கேசிகாவின் கல்யாணத்துக்குப் போய்வரலாம். மகளைக் கண்டு ஆறு வருடம்.

எல்லாக் கவுண்டரும் பூட்டு.

"கவிஞரைக் கௌரவிக்கிறோம்," என்றார் தபாலதிபர். "பூட்டிய கவுண்டர்களைப் பற்றி அவரைப்போல் பாடியவர் எவருமில்லை."

"எனக்கு இண்டைக்குக் கடைசி நாள், சிஞ்ஞோர்."

"முத்திரைக்கு முதல் நாள். முதல் நாளுக்கே முன்னுரிமை."

அப்போது படப்பிடிப்பாளர், பொதுமக்களில் ஒருவர் வேண்டும் என்றார். விழாவுக்காகப் பொதுமக்களை வெளியேற்றியிருந்தார்கள். மிஞ்சியது அக்காதான். அவருடைய கவரை வாங்கி, கைதட்டலுக்கிடையே முத்திரை ஒட்டி, விசேட சீல் குத்தினார்கள். பிறகு வரிசைப் பாட்டு ஒன்றை வாசித்தார்கள். ஒவ்வோர் அதிகாரியும் அது பக்கத்தில் இருப்பவரைப் பற்றியது என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"இனி ரிசீதைத் தாங்கோ."

"அனுப்பும் தபாலுக்குத்தான் ரிசீது. இது முதல் முத்திரை ஒட்டிய முதல் கவர். தேசியச் சொத்து. தபாலில் போட்டால் தொலைந்துவிடும்."

"தபாலிலை போட்டால் தொலையுமோ?"

"அம்மணி, நான் இங்கே முப்பது வருடமாக வேலை செய்கிறேன்."

"அப்ப வேறை விண்ணப்பம் நிரப்பட்டோ?"

"ஒருவர் இரண்டு விண்ணப்பம் போடுவது குற்றம். கவலைப்படாதீர்கள், இது கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். செவ்வாய், வியாழனில் வந்து பார்க்கலாம்."

அக்கா துறைமுகம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தார். அன்று மாலை என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார்.

ஆனால் படம் பேப்பரில் வந்துவிட்டதே! ஞாயிற்றுக்கிழமை எங்கள் பலேர்மோத் தமிழ்ச் சங்கம் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தியது. தலைவர் கோபாலசிங்கம், தமிழினத்தின் கவர் ஐரோப்பியக் கண்ணாடிக்குள் போனதன் பெருமையை நாற்பது நிமிடம் விளக்கினார். பெர்மெஸ்ஸோவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

கல்யாணத்தை அக்கா சிஞ்ஞோராவின் குசினியில் இருந்து போனில் பார்த்தார். தாலி ஏறியதும் அழுகையை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் தில்லையம்பலம் போனை வாங்கினார்.

"சம்பந்தியம்மா, பேப்பர்ப் படம் பாத்தனாங்கள். உங்களுக்கு அங்கை பெரிய ஆக்களோடை நல்ல பழக்கம் போலை. எங்கடை இளையவனும் உங்களுக்குப் பக்கத்திலை, பகேரியாவிலைதான் நிக்கிறான். அவன்ரை கவரையும் ஒருக்கா அந்தக் கண்ணாடிக்குள்ளை வைப்பிச்சு விடுவியளோ?"

அக்கா கண்ணைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

"ஓம், தெரிஞ்ச ஆள்தான். கதைச்சுப் பாக்கிறன்."