அழுக்குக் காந்தமும் உங்கள் தங்கையும்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத விட்டால்தானே உங்கள் தங்கை!

அவள் ஆய்வகத்தில் குடுவைக்குள் மாத்திரை அளவில் ஒரு காந்தம் கிடக்கும், வெள்ளை உறை போட்டது. அடியில் இயந்திரம் சுழல, இது உள்ளே சுற்றிச் சுற்றிக் கலக்கும். கரண்டி செய்கிற வேலைதான், வேறு பெருமை ஒன்றும் கிடையாது. வழக்கமாகச் சேர்க்கிற விலை உயர்ந்த உலோகம் எதுவும் சேர்க்காமலே ஒரு மருந்துப்பொருளைத் தயாரிக்கலாம் என்று உங்கள் தங்கை கட்டுரை எழுதி, எல்லோரும் மெச்சி, அதன் பலத்திலேயே அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு நேர்காணல் வரைக்கும் வந்தாயிற்று. இந்த நேரம் பார்த்து வேறு ஆய்வகத்து மாணவி ஒருத்தி, நீங்கள் எழுதியபடியே செய்தும் எனக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாள். சரி, வரவில்லை போலிருக்கிறது என்று சும்மா இருப்பாளா இவள்? குடுவையிலிருந்து காந்தம் வரை எல்லாவற்றையும் புதிதாக வைத்துச் செய்து பார்த்தாள். போட்டது போட்டபடி கிடந்தது. பழைய காந்தத்தைப் போட்டாள், கிடுகிடுவென்று நடந்தது. முன்பு யாரோ செய்த சோதனையின் உலோகத் துளி அதன் கீறலுக்குள் ஒளிந்துகொண்டு, எத்தனை முறை கழுவியும் போகாமல், இத்தனை நாளும் வேலை பார்த்திருக்கிறது. கட்டுரையில் இல்லவே இல்லை என்று இவள் சத்தியம் செய்த அதே உலோகம்!

அன்றிலிருந்து வீடும் ஆய்வகமாகிவிட்டது. இன்றைக்கு டீ நன்றாக இருக்கிறது, புதுத் தூள் என்பதாலோ என்னவோ என்று வாய் தவறிச் சொன்னேன். "தூள் புதுசு, பால் புதுசு, பாத்திரமும் புதுசு. மூணையும் ஒண்ணா மாத்திட்டு எதைப் பாராட்டுறீங்க?" என்று கேட்டு, ஒவ்வொன்றாக மாற்றி வரிசையாக டம்ளர்களை வைத்தாள். கடைசி டம்ளரில் தூளே போடவில்லை. அதையும் பிரமாதம் என்று சொல்லித் தொலைத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து வந்த பழக்கம், சட்டென்று விடுமா? "உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்க துறையில நிறைய பேரு" என்றாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கிற எனக்கு எந்தத் துறை?

விஷயம் காதில் விழுந்து துறைத்தலைவரே வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சண்டை போட வரவில்லை. "ஏம்மா, பொருள் வருதா? வருது. அப்புறம் எதுக்கு அதைப் போய் கிளறிக்கிட்டு? வேலை கைக்கு வரட்டும், அப்புறம் சாவகாசமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்" என்றார். எனக்கு அது வேதவாக்காகவே பட்டது. இவளோ, "கட்டுரையோட அந்தக் காந்தத்தையும் எல்லாருக்கும் பார்சல் அனுப்பிடலாமா சார்?" என்கிறாள். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நான் சமாதானம் சொல்லப் போனால், "நல்லா வந்த நாளை மட்டும் எழுதி, வராத நாளை மறைச்சா அது ஆராய்ச்சி இல்லீங்க, கல்யாணத் தரகு" என்று என்மேல் பாய்கிறாள். எங்கள் கல்யாணமே தரகர் முடித்ததுதான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

மச்சான், சிரிக்காதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு எழுதப் போகிறாளாம். எழுதிவிட்டு எந்த முகத்தோடு நேர்காணலுக்குப் போவது? எத்தனை வருட உழைப்பு! சொந்தக் காசில் வைத்துக்கொள்ளும் சூனியம் அல்லவா இது? என் பேச்சு எடுபடாது. உங்கள் பேச்சுக்குக் கொஞ்சம் பயப்படுவாள். உடனே புறப்பட்டு வந்து, ஒரு மாதம் பொறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, என்ன வேண்டுமானாலும் படிக்கட்டும், இதை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் கூப்பிட்டாள். பத்திரிகைக்கான மின்னஞ்சல் திரையில் தயாராக இருந்தது. "அனுப்பணும்னு தெரியுது, கைதான் வரமாட்டேங்குது" என்றாள். பக்கத்தில் அந்த மாணவி எழுதியது இருந்தது. நான் அதுவரை படித்ததில்லை. 'என் கைதான் சரியில்லை போல, மேடம். படிப்பை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்' என்று முடித்திருந்தாள். "பாவம், சுத்தமான காந்தம் வச்சிருந்ததைத் தவிர அவ ஒரு தப்பும் பண்ணல" என்றாள் உங்கள் தங்கை. அந்த மாணவியும் ஒரு வீட்டுப் பெண்தானே மச்சான்? பொத்தானை நானே அழுத்திவிட்டேன். நீங்கள் கட்டாயம் வாருங்கள். தடுப்பதற்கு அல்ல. நேர்காணலுக்கு இவளை அழைத்துக்கொண்டு போக என் ஒருத்தன் தைரியம் போதாது.