வெள்ளியங்கிரியின் பெரிய டயர்

ஒரு காட்டில் வெள்ளியங்கிரி என்ற கரடி பிக்கப் வண்டி ஓட்டிப் பிழைத்துவந்தது. அருவிக்கரையில் ஆறு டிரம் தண்ணீர் பிடித்து ஏற்றும். காட்டைக் கடந்து கருங்குன்றுக்குக் கொண்டுபோய் இறக்கும். கோடை வந்துவிட்டால் கருங்குன்றில் இருந்த நாற்பது குடும்பங்களுக்கும் அந்த வண்டியை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. அதனால் வெள்ளியங்கிரிக்குக் காட்டில் நல்ல மரியாதை. அது கரடி என்பதும் அந்த மரியாதைக்கு ஒரு காரணம்.

அந்த வருஷம் மாசியிலேயே வண்டியின் நாலு டயரும் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டன. ஆனாலும் வெள்ளியங்கிரி சும்மாதான் இருந்தது. ஒருநாள் அருவியில் தண்ணீர் குடிக்க வந்த காட்டெருமை வண்டியைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, உன் வண்டி ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்குது” என்றது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டது. எருமை எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. எருமையின் மனதில் அப்படி எதையும் வைக்க இடமும் இல்லை. ஆனால் வெள்ளியங்கிரிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வண்டியை டயர்க்கடைக்கு விட்டது.

டயர்க்கடை வைத்திருந்தது குப்பண்ணன் என்ற முள்ளம்பன்றி. முள்ளம்பன்றி டயர்க்கடை வைக்கலாமா என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். கடைக்கு முன்னால் நிறுத்துகிற வண்டியெல்லாம் பஞ்சர் ஆனதால் தொழில் நன்றாக நடந்தது. மற்றபடி குப்பண்ணன் நேர்மையான ஆள். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தது.

“இருநூத்திப் பதினஞ்சு, எழுபத்தஞ்சு, ஆர் பதினஞ்சு. இதையே போட்டுடலாங்க.”

“அது என்னய்யா கணக்கு?” என்றது கரடி.

“முதல் நம்பர் டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது, பக்கவாட்டு உயரம். அகலத்துல நூத்துக்கு எழுபத்தஞ்சு பங்கு. கடைசி நம்பர் உள்ள இருக்கிற ரிம்மோட அளவு, இஞ்சுல.”

“இதுல பெருசு எது?”

“பெருசு எதுக்குங்க?”

வெள்ளியங்கிரி மூலையில் அடுக்கியிருந்த டயர்களைப் பார்த்தது. அவற்றில் நாலு டயர் கொண்ட ஒரு செட் நன்றாகத் தடித்துப் பல்லும் பள்ளமுமாக இருந்தது. “அது?”

“அது இருநூத்தி அறுபத்தஞ்சு. ரிம்முல உக்காரும். ஆனா உங்க வண்டிக்கு ஆகாதுங்க. வண்டி ஒன்றரை இஞ்சு தூக்கிடும். மீட்டர் நாப்பது காட்டினா நீங்க நாப்பத்தி நாலுல போயிட்டிருப்பீங்க. மேட்டுல இழுவை கம்மியாயிடும்.”

“ஒன்றரை இஞ்சு உசருமா?” என்றது கரடி. அதற்குப் பிறகு குப்பண்ணன் சொன்ன எதுவும் அதன் காதில் ஏறவில்லை.

நாலு டயரும் மாட்டியாயிற்று. குப்பண்ணன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் காட்டியது. டயர் மட்கார்டில் சர்ரென்று உரசியது.

“வெறும் வண்டியிலேயே உரசுது பாருங்க. லோடு ஏத்தினா வண்டி அமுங்கும். அப்ப ஒடிக்கவே முடியாது.”

“நான் அவ்வளவு ஒடிக்க மாட்டேன்” என்றது வெள்ளியங்கிரி.

மறுநாள் அருவிக்கரையில் வண்டியைச் சும்மாவே இரண்டு முறை முன்னும் பின்னும் எடுத்தது. எருமை அன்றைக்கு வரவில்லை. ஆறு டிரம் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

கருங்குன்றுப் பாதையில் ஒரு மண்மேடு உண்டு. மேட்டுக்குள் பழனாத்தாள் என்ற கீரி மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. பாதை நேராக வந்து, அந்த மேட்டுக்கு முன்னால் இடப்பக்கம் ஒடிந்து, சுற்றிக்கொண்டு போகும். வெள்ளியங்கிரி பன்னிரண்டு வருஷமாக அந்த இடத்தில் இடப்பக்கம் ஒடித்திருக்கிறது. அன்றைக்கும் ஒடித்தது. டயர் மட்கார்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. வண்டி நேராகப் போய் மேட்டில் ஏறி நின்றது.

பழனாத்தாளின் முன்வாசல் இடிந்து விழுந்தது. ஆறு டிரமும் உருண்டு தண்ணீர் முழுவதும் வாசல் வழியே வீட்டுக்குள் போனது. குட்டிகளைப் பின்வாசல் வழியாக ஒவ்வொன்றாகக் கவ்வி வெளியே போட்டுவிட்டுப் பழனாத்தாள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றது. நனைந்த கீரி பார்ப்பதற்கு மிகச் சிறியதாக இருக்கும்.

“கண்ணு தெரியலீங்களா அண்ணா? இல்ல, வீடு தெரியலீங்களா?”

வெள்ளியங்கிரி இறங்கி, “குழந்தைங்களுக்கு அடிகிடி பட்டுச்சா அம்மிணி?” என்றது. படவில்லை என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ‘நாளைக்கே பழைய அளவு டயரை மாட்டிவிட வேண்டும்’ என்று உண்மையாகவே நினைத்தது.

ஆனால் மறுநாள் விசாரணை வந்துவிட்டது. பாதை ஆய்வாளர் ஏகாம்பரம் என்ற நரி, படிவத்தோடு வந்தது. படிவத்தில் ‘விபத்துக்குக் காரணம்’ என்று போட்டு மூன்று கட்டங்கள் இருந்தன. மழை, பாம்பு, பாதை.

குப்பண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “டயருங்க. வண்டிக்கு இருநூத்திப் பதினஞ்சுதான். இவர் இருநூத்தி அறுபத்தஞ்சு கேட்டாரு. நான் சொன்னேன், கேக்கல.”

நரி படிவத்தைத் திருப்பிப் பார்த்தது. “டயருக்குக் கட்டம் இல்லையே.”

“புதுசா ஒண்ணு போட்டுக்குங்களேன்.”

“புதுக் கட்டம் போட வேறு படிவம் இருக்கிறது. அது தீர்ந்துவிட்டது.”

அடுத்து வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அது வந்தது. பேசுவதற்கு வாகாக மேஜையில் கையை ஊன்றியது. மேஜை இரண்டாகப் பிளந்தது. ஏகாம்பரம் பிளந்த மேஜையையும் ஊன்றிய கையையும் மாறி மாறிப் பார்த்தது.

“அன்றைக்கு மழை பெய்ததா?” என்றது நரி.

“இல்லீங்க. நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

“பாம்பு?”

“இல்லீங்க, அந்த டயரு…”

“போதும், தெளிவாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தது நரி.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. பாதை காரணமே இல்லாமல் வளைந்திருப்பதாகவும், பன்னிரண்டு வருஷமாக ஒரு கரடியைச் சிரமப்படுத்தி வந்திருப்பதாகவும், உடனே நேராக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. வளைவுக்கு உள்ளே குடியிருப்பவர் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். கருங்குன்றின் உச்சியில் அதே சதுர அடிக்கு மாற்று இடம் தரப்படும். அங்கே முழுக்கப் பாறை என்பதால் வளையைத் தோண்டிக்கொள்வது பயனாளியின் பொறுப்பு.

பழனாத்தாள் மனு எழுதியது. நான்கு அலுவலகங்களில் வரிசையில் நின்றது. எல்லா இடத்திலும் மனுவை வாங்கிக்கொண்டு, பாதை முதலில் வந்ததா, மேடு முதலில் வந்ததா என்று கேட்டார்கள். மேடு தாத்தா காலத்துக்கும் முந்தியது என்றது கீரி. அதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். பதினைந்து நாளும் முடிந்தது.

மண்மேட்டை வெட்டி எடுத்தார்கள். புதுப் பாதை கயிறு பிடித்த மாதிரி நேராக வந்தது. திறப்பு விழாவுக்கு வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டு முதல் வண்டியாக ஓடவிட்டார்கள். கருங்குன்றுக்காரர்கள் விபத்துக்குப் பிறகு தண்ணீர் வண்டி வராமல் தாகத்தில் கிடந்தவர்கள். தண்ணீரைக் கண்டதும் கைதட்டினார்கள். எருமைகூட வந்திருந்தது. அது டயரைப் பார்க்கவில்லை.

அதுவரை பாதையோரம் கிடந்த பழனாத்தாளின் சாமானை உச்சிக்கு ஏற்றிவிட வேறு வண்டி கிடைக்கவில்லை. வெள்ளியங்கிரியே வந்தது. பானை, பாய், நனைந்து காய்ந்த தானிய மூட்டை எல்லாவற்றையும் தானே தூக்கி வைத்தது. குட்டிகளை முன்சீட்டில் உட்கார வைத்தது. பாதி தூரம் போயிருக்கும்.

“அம்மிணி, நான் பழைய டயருக்கே மாறிடலாம்னுதான் இருந்தேன்” என்றது கரடி.

“அப்புறம் ஏனுங்ணா மாறல?”

“இனி எங்கயும் ஒடிக்கவே வேண்டியதில்லையே. மாறினா, எதுக்கு இவ்வளவு செலவு பண்ணி ரோட்டை நேராக்கினோம்னு ஆபீஸ்ல கோவிச்சுக்குவாங்களாம்.”

பழனாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. கடைசிக் குட்டி சீட்டில் எழுந்து நின்று கண்ணாடி வழியே பார்த்து, “அம்மா, இங்கிருந்து பார்த்தா எல்லாம் எவ்வளவு சின்னதாத் தெரியுது!” என்று சந்தோஷமாகக் கத்தியது. இறங்கும்போது அதுவும் பெரிய டயர் கேட்டது.

நீதி: டயர் வண்டிக்குப் பொருந்தவில்லை என்றால் வண்டிக்காரர் கவலைப்பட வேண்டாம்; வளைவில் குடியிருப்பவர் கவலைப்பட்டால் போதும்.