எண்ணூரும் பீச் ரோடும் நடத்திய போர்

முகம் தெரியாத ஆளோடு சண்டை போடுவதைப் போல் சுகமான காரியம் உலகத்தில் வேறு கிடையாது. எதிராளிக்கு எந்த மூக்கை வேண்டுமானாலும் ஒட்டவைக்கலாம். எந்தக் குடும்பத்தில் வேண்டுமானாலும் பிறக்கவைக்கலாம். அடிக்கத் தோதாக நாமே ஒரு ஆளைச் செய்து, நாமே அடித்து, நாமே ஜெயித்துக்கொள்ளலாம். இந்தக் கலையில் நான் சின்ன வயதிலேயே கைதேர்ந்தவள். (சமையலில் இன்னும் தேறவில்லை என்பது என் கணவர் தரப்பு வாதம்.)

அறுபத்தேழாம் வருஷம். எண்ணூரில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலை தற்காலிகம்தான். ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து கைப்பையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போன முதல் பெண் நான். ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் நைனா, "என் பொண்ணு லைன் குட்த்தாதான் அந்தக் கம்பெனில ஒர்த்தன் வாயத் தொறக்க முடியும்" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. எனக்கு முன்னால் ஒரு பலகை. பலகை முழுக்கத் துளைகள். துளைகளில் செருக வயர்கள். கீழே வரிசையாகச் சின்னச் சின்ன சாவிகள். சாவியை முன்னால் தள்ளினால் அந்த லைனில் நானும் பேசலாம். இழுத்து விட்டால் நான் வெளியே போய்விடுவேன், அவர்கள் பேசிக்கொள்வார்கள். இவ்வளவுதான் வித்தை.

அந்த ஜூன் மாதம் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் மூண்டது. சூயஸ் கால்வாயை மூடிவிட்டார்கள். எங்கள் கம்பெனிக்கு ஒரு பெரிய இயந்திரத்தை ஏற்றி வந்த கப்பல், ஆப்பிரிக்காவை முழுசாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டது. எங்கள் மானேஜர் ராமநாதன் சார் பீச் ரோட்டில் இருந்த, ஹார்பரிலிருந்து சரக்கை எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்சிக்கு நாளெல்லாம் போன் போட்டு, கப்பல் எங்கே, கப்பல் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அங்கேயும் ஓர் ஆபரேட்டர். ஆண் குரல். பெயர் தெரியாது. நான் அவனை 'பீச் ரோடு' என்பேன், அவன் என்னை 'எண்ணூரு' என்பான். முதலாளிகள் லைனுக்கு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கத் தெரியாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நான் இஸ்ரேல் கட்சி. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வாரா வாரம் இஸ்ராயேல், இஸ்ராயேல் என்று காதில் விழுந்து, அது ஏதோ எங்கள் சித்தப்பா ஊர் மாதிரி மனசில் பதிந்திருந்தது. அவன் அரபு கட்சி. போரைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்ததையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் தலையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். உண்மையான போர் ஆறு நாளில் முடிந்துவிட்டது. எங்கள் போர் ஆடி மாசம் வரைக்கும் நடந்தது.

முதலில் நாடுகளைப் பற்றித்தான் பேசினோம். அப்புறம் நாடுகளை விட்டுவிட்டோம். அரபுக்காரர்களுக்காகப் பரிந்து பேசுகிறவன் வண்ணாரப்பேட்டை முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்று நானாக முடிவுகட்டினேன். உடனே அவனுக்கு ஒரு தாடி முளைத்தது. அத்தர் வாசனைகூட லைனில் வந்தது என்று என் தங்கையிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அவன் பங்குக்கு, நான் சொல்லும் 'நம்பர் ப்ளீஸ்' என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு என்னை கவுனும் குதிகால் செருப்பும் போட்ட பெரம்பூர் ஆங்கிலோ இந்தியப் பெண்ணாக்கிவிட்டான். நானோ சாயம் போன கைத்தறிப் புடவையில், காலில் ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருந்தேன்.

கெட்ட நேரம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. ராமநாதன் சார் ஏஜென்சி முதலாளி நாயுடுவோடு அவசரமாகப் பேச வேண்டும் என்றார். வயரைச் செருகி பீச் ரோட்டைப் பிடித்தேன். நாயுடு வேறு லைனில் இருப்பதாகவும் கொஞ்சம் இருக்கும்படியும் சொன்ன அவன், சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இன்றைக்குப் பேப்பர் பார்த்தாயா, அரபு ஜனங்கள் சட்டி பானையோடு ஆற்றைத் தாண்டி ஓடுகிறார்கள் என்று ஆரம்பித்தான்.

"வூட்ட வுட்டுத் தொர்த்துனா நீ கம்னு கீவியா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. இத்தனை நாளில் அவன் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில்: "நீ உன் ஆளுங்களுக்குத்தான பேசுவ. தாடியத் தடவிகினு கெணத்துத் தவள மாரி கத்தாத."

பிறகு ஏதோ நல்ல புத்தி வந்து, "நாலு பக்கமும் சூந்துகினா இஸ்ரேல்காரங்க மட்டும் இன்னா பண்ணுவாங்க?" என்றும் கேட்டேன். அதுவும் நியாயமான கேள்விதான். அதற்கு அவன், கவுன் போட்டுக்கொண்டு லிப்ஸ்டிக் கலையாமல் பேசுகிற துரைசாணிக்கு ஊர் உலகம் என்ன தெரியும் என்றான். அதற்கு மேல் நான் பேசியதை எழுத முடியாது. ராயபுரம் மீன் மார்க்கெட்டில் விலை படியாதபோது சொல்லும் சில வார்த்தைகள் அதில் இருந்தன. அவனுடைய தாத்தாவரைக்கும் போனேன். அவன் என் கொள்ளுத்தாத்தாவிடம் போனான்.

அப்போது லைனில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

பீச் ரோட்டுக்கு அப்படி கௌரவமாகக் கனைக்க வராது. குனிந்து பார்த்தேன். மானேஜர் வயர் துளையில் இருந்தது. சாவி முன்னால் தள்ளியபடி இருந்தது. அதாவது, முதல் வார்த்தையிலிருந்து அவர் லைனில் இருந்திருக்கிறார்.

"மிஸ் பிலோமினா, உங்க ரெண்டு பேருக்கும் சமாதானம் ஆனதும் எங்க கப்பலைப் பத்திக் கொஞ்சம் பேசிக்கலாமா?" என்றார் ராமநாதன் சார்.

அந்த முனையிலிருந்து இன்னொரு புதுக் குரல் வந்தது. நாயுடு. "நமக்கு அவசரம் இல்ல சார். முடிக்கட்டும்."

சாவியை இழுத்துவிட்டேன். அந்த அவசரத்தில் பக்கத்து வயர் ஒன்றையும் பிடுங்கிவிட, ஸ்டோர்ஸ்காரர் பேச்சு ஒன்றும் அறுந்து போனது.

சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அந்த ஆபரேட்டரை எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பெயர்? தெரியாது. "அப்ப தாடி இருக்கறது எப்படித் தெரிஞ்சுது?" என்றார். மறுநாளே நேரில் போய் நாயுடுவிடம் மன்னிப்புக் கேட்டு வர வேண்டும், வேலை நிரந்தரமாவதை அப்புறம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார். அன்றிரவு நைனா வழக்கம்போல் தெருவில் என் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே மறுநாள் பஸ்ஸுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கம்பெனியில் கையெழுத்துப் போட்டு, சாப்பாட்டுத் தூக்கை பலகைக்கு அடியில் வைத்துவிட்டு, பஸ் பிடித்து பீச் ரோடு போனேன். நாயுடு பெரிய மனிதர். பாதி மன்னிப்பிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவரும் தன் ஆபரேட்டரை எண்ணூருக்கு மன்னிப்புக் கேட்க அனுப்பியிருக்கிறார். திருவொற்றியூர் பக்கம் எங்கேயோ இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும்.

"பையன் வர்ற வரைக்கும் போர்டு காலியா கெடக்குது. நீ கொஞ்சம் உக்காரும்மா" என்றார் நாயுடு.

எதிரியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால், பலகையின் உச்சியில் வேளாங்கண்ணி மாதா படம். பக்கத்து ஆணியில் ஒரு ஜெபமாலை. ஒரு நிமிஷம் வேறு யாருடைய இடத்திலோ உட்கார்ந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அதற்குள் மணி அடித்தது.

"ஹலோ, எண்ணூர்" என்றது அந்தத் தவளைக் குரல், என் நாற்காலியிலிருந்து.

"பீச் ரோடு" என்றேன் நான்.

அங்கே போர்டு காலியாக இருக்கக் கூடாதென்று ராமநாதன் சார் அவனை உட்காரவைத்திருக்கிறார்.

"கீழ தூக்குல கருவாட்டுக் கொழம்பு வாசன வருது. உன்னிதா?"

"ஆமா."

"தொரசாணிங்கோ கருவாடு துன்னுவாங்களா?"

"மேல மாதா படம் கீதே, அது யார்து?"

"என்னிது. எட்த்துறாத." பிறகு, "நான் ராயபுரம். கோயில் பாட்டுல ரெண்டாவது வரிசைல நிப்பேன். ஆரோக்கியம்" என்றான்.

எங்கள் கோயில். எங்கள் பாட்டுக் குழு. எல்லோரும் அல்லேலூயா பாட வாயெடுக்கும் முன்பே தனியாக ஆரம்பித்து மாட்டிக்கொள்ளும் அந்த ஒல்லிப் பையன். தாடி இருக்கட்டும், மீசையே அப்போது பேச்சுவார்த்தை நிலையில்தான் இருந்தது. அரபுக்காரர்களுக்காக ஏன் பேசினான் என்று கேட்டேன். நியாயம் என்று பட்டது, பேசினேன் என்றான். அப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"வூட்ட வுட்டுத் தொர்த்தறதப் பத்தி நேத்து கேட்டியே" என்றேன்.

"நீகூட ஒண்ணு கேட்ட. நாலு பக்கமும் சூந்துகினா இன்னா பண்ணுவாங்கன்னு."

"ஆமா."

"அதுக்கு நான் கவுனப் பத்திப் பேசிட்டேன்."

அங்கே ஜனங்கள் செத்துக்கொண்டும் ஊரை விட்டு ஓடிக்கொண்டும் இருந்தார்கள். நாங்கள் ஒரு தாடியையும் ஒரு கவுனையும் வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் கத்தியிருக்கிறோம். பிறகு அவன், நான் வருவதற்குள் குழம்பு கெட்டுவிடும், சாப்பிட்டுவிடட்டுமா என்று கேட்டான். சாப்பிடச் சொன்னேன். அவன் இங்கே விட்டுப்போன சாப்பாட்டு டப்பாவை நான் திறந்தேன். தயிர்சாதமும் நார்த்தங்காயும். சுமார்தான், அதையும் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை.

நீங்கள் நினைப்பது புரிகிறது. இல்லை. நான் கட்டிக்கொண்டது ஆரோக்கியத்தின் பெரியம்மா பையனை. சம்பந்தம் கொண்டுவந்தவன் ஆரோக்கியம். வேலையும், மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு, நிரந்தரமானது. என் மூத்த மகளுக்கு ஆரோக்கியம்தான் ஞானத்தகப்பன். அவளுக்கு அவன் சொன்ன முதல் கதையே இதுதான். அதனால் என் வீட்டில் எனக்கு மரியாதை மிஞ்சவில்லை. நான் போனில் யாரையாவது தாளித்துக்கொண்டிருந்தால், உள்ளேயிருந்து யாராவது ஒருவர் கௌரவமாகத் தொண்டையைக் கனைப்பார்கள்.

போன வாரம் ஆரோக்கியமே கூப்பிட்டான். கோயில் திருவிழாவுக்கு எந்த பேண்டு செட் என்பதில் பேச்சு தடித்தது. அவன் காது மந்தமாகிவிட்டதென்று நானும், எனக்குப் பிறவியிலேயே காது கிடையாதென்று அவனும் நிரூபித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் என் மகள் கனைத்தாள். நான் சட்டென்று வாயை மூடினேன். அந்த முனையிலும் சத்தம் நின்றது.

ராமநாதன் சார் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் ஆரோக்கியம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "பிலோ, சார் லைன்ல கீறாரா?"