மேற்படி சிவப்பு வாகனம்

இந்த உலகத்தில் ஒருத்தரையும் நம்பக் கூடாது. இது என் கொள்கை. கொள்கை மட்டுமில்லை, பிழைப்பும் அதுதான். சங்கராபுரத்தில் பத்திரம் எழுதுகிறவன் நான். பெயர் அரங்கநாதன். இருபத்திரண்டு வருஷமாக அண்ணன் தம்பியை நம்பாமல், தம்பி அண்ணன் பெண்டாட்டியை நம்பாமல், எல்லாரும் சேர்ந்து என்னை நம்பி வருகிறார்கள். நான் அவர்களையும் நம்புவதில்லை. வில்லங்கம் பார்க்காமல் நான் ஏற்றுக்கொண்டது வாழ்க்கையில் இரண்டே இரண்டு. ஒன்று கல்யாணம். இன்னொன்று கார்.

சாதாரணக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்காரர் வீட்டு ஷெட்டில் கிடந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அறுபது வருஷத்துக்கு முந்தின சீமைச் சரக்கு. இரண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது. நான் குடியிருக்கிற கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவே அதை 'மொட்டைக் காரு' என்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அது உயிர்.

அந்த உயிருக்கு ஒரே ஒரு வியாதி. ஸ்லோ நிற்காது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா இல்லையா? இருக்காது. விக்கும், கறுப்பாகப் புகை விடும், செத்துப்போகும். கார்புரேட்டருக்குள், பெட்ரோலை அளந்து விடுகிற ஊசித்துளையோடு, ஸ்லோ ஜெட் என்று ஒரு பித்தளைப் பொடிசு இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ. அதை வெளியே திருகினால் பெட்ரோல் கூடும், உள்ளே திருகினால் குறையும். அதை எத்தனை சுற்றில் நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது நாலுமுனை ரோட்டில் நடுவாந்தரமாகச் செத்தது. என் மனைவி செவ்வந்தி பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளினாள். தள்ளி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, இதான் கடைசி. இன்னொரு தபா இது நடுரோட்ல நின்னுச்சின்னா, வூட்ல ஒண்ணு அது இருக்கும், இல்ல நீங்க இருப்பீங்க."

"அது இன்னா பேச்சு? ட்யூனிங் பண்ணா சரியாயிடும்."

"எனுக்கு பெட்ரோல் வாசனை ஜாஸ்தியா அடிக்குதுங்க. கம்மி பண்ணிப் பாருங்களேன்."

"நீ ரசத்து வாசனையைப் பாரு. கார் வாசனையை நான் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலமே வேலையில் இறங்கினேன். குரு, போன் வீடியோவில் வருகிற ஒரு வெள்ளைக்காரர். அவர் ஊரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் பாஷை எனக்குப் புரியவில்லை. மூன்று விரலைக் காட்டினார், அது புரிந்தது. மூன்று சுற்று வெளியே வைத்தேன். மறுநாள் காலையில் சும்மா சரிபார்க்கலாம் என்று திருகி எண்ணினால், ஒன்றரைச் சுற்றுதான் இருந்தது!

மறுபடி மூன்று வைத்தேன். மறுநாள் காலையில் ஒன்றரை. அதற்கு மறுநாளும் ஒன்றரை. யாரோ தினமும் என் காரில் கை வைக்கிறார்கள்! வேலைக்கு நேரமாகிவிடுமென்று அப்படியே எடுத்துக்கொண்டு போவேன். அந்த நாளெல்லாம் வண்டி நிற்காமல் ஓடத்தான் செய்தது. அதற்கும் எனக்குக் காரணம் தெரியும். இவ்வளவு கெடுத்தும் இப்படி ஓடுகிறதென்றால், கெடுக்காமல் விட்டால் ராக்கெட்டு!

முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுப் பச்சமுத்து மேல்.

"இன்னா பச்சமுத்து, காலைல சீக்கிரமே எழுந்துட்டியாட்டம்?"

"உன் காரு எழுப்புதே, எங்கேர்ந்து தூங்கறது?"

"எழுந்து நேரா என் வண்டிகிட்ட வந்தியா?"

"நான் ஏன்யா வர்றேன்? அதான் புகையா எங்க வூட்டுக்கு வருதே!"

அடுத்த சந்தேகம் மெக்கானிக் கலீலுல்லா மேல்.

"பாய், உண்மையைச் சொல்லுங்க. என் வண்டியில கை வெச்சீங்களா?"

"நான் வெக்கல சார். நீங்களும் வெக்காதீங்க, தானா ஓடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கிற மெக்கானிக்கை எப்படி நம்புவது?

ஆளைப் பிடிக்க ஒரு வழி செய்தேன். எங்கள் தொழிலில் பெருவிரல் ரேகை வாங்க ஊதா மை வைத்திருப்போம். ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது. அதை ஸ்க்ரூத் தலையில் தடவி வைத்தேன். காலையில் பார்த்தால், ஒன்றரைச் சுற்று! நேரே சமையலறைக்குப் போனேன். வீட்டிலிருந்துதானே விசாரணை ஆரம்பிக்க வேண்டும்?

"கையைக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"ரேகை பாக்கறேன்."

இரண்டு கையையும் நீட்டினாள். கொத்தமல்லி வாசனை இருந்தது, மை இல்லை.

"இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் தெளிவா இல்ல."

"உங்க மூக்கு நுனியில ஊதாவா இன்னாமோ தெளிவாத் தெரியுது, போய்க் கழுவுங்க."

கழுவினேன். போகவில்லை. மூன்று நாள் ஊதா மூக்கோடு ஊரான் சொத்துக்கெல்லாம் எல்லை எழுதினேன். அப்போதுதான் புத்திக்கு உறைத்தது. ஸ்க்ரூவை எவனாவது விரலாலா திருகுவான்? ஸ்க்ரூ டிரைவரில் அல்லவா மை ஒட்டியிருக்கும்! வீட்டில் உள்ளதை எல்லாம் தேடிப் பார்த்தேன். செவ்வந்தியின் தையல் மெஷின் டப்பாவுக்குள் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது. அதன் நுனி ஊதா.

பதினெட்டு வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்தவள்! வண்டியைத் தினமும் கெடுத்து, நடுரோட்டில் நிற்கவைத்து, கடைசியில் விற்கவைக்கப் பார்க்கிறாள். அடிப்பாவி! கேட்டால் அழுவாள், இல்லையென்றால் என்னை அழவைப்பாள். அதனால் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தேன். பத்திரம்.

செவ்வந்தியின் தங்கை தமிழ்மொழி கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் டீச்சர். அந்த வெள்ளிக்கிழமை அவள் புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள். மலையேற்றம்தான் பரீட்சை என்று முடிவு செய்து எழுதினேன்.

'மேற்படி சிவப்பு வாகனம் கள்ளக்குறிச்சி முதல் வெள்ளிமலை வரை எங்கும் நில்லாமல் சென்றால், அதை விற்பது பற்றி என் மனைவி ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது. எக்காரணத்தைக் கொண்டாவது நின்றுவிட்டால், மேற்படி வாகனத்தில் எனக்குள்ள சகல பாத்தியதைகளும் அவளையே சேரும். அதன்பின் நான் மேற்படி வாகனத்தைத் தொடவும் மாட்டேன்.'

'எக்காரணத்தைக் கொண்டாவது' என்று போடாமல் எனக்குப் பத்திரம் முடிக்கத் தெரியாது. தொழில் பழக்கம்.

செவ்வந்தி இரண்டு தடவை படித்தாள்.

"எக்காரணம்னா, எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

"பேனா குடுங்க."

பச்சமுத்து சாட்சிக் கையெழுத்துப் போட்டான். எதிர்பார்ட்டி வாக்குவாதம் பண்ணாமல் கையெழுத்துப் போட்டால் அங்கேதான் வில்லங்கம் என்று நானே ஊருக்கெல்லாம் சொல்கிறவன். அன்றைக்கு எனக்கு அது தோன்றவேயில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி, குண்டூசியால் குத்திச் சுத்தம் பண்ணினேன். மூன்று சுற்று வைத்தேன். பானெட்டைச் சுற்றி சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில். இனி எவள் திருகுவாள், பார்க்கலாம்!

காலையில் செவ்வந்தி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கச்சிராயபாளையம் வரை ஆக்சிலேட்டரிலிருந்து நான் காலை எடுக்கவேயில்லை. மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி விக்கியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து பஸ் வந்தது. வேறு வழியில்லை, காலை எடுத்தேன். இரண்டு விக்கல், ஒரு கறுப்புப் புகை, அவ்வளவுதான். பத்துத் தடவை சாவியைத் திருகியும் எழுந்திருக்கவில்லை.

"சாவி," என்றாள் செவ்வந்தி.

"எந்தச் சாவி?"

"இடுப்புல தொங்குதே, அது."

கொடுத்தேன். சங்கிலியை அவிழ்த்தாள், பானெட்டைத் தூக்கினாள், கைப்பையிலிருந்து அந்தக் குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"இன்னா பண்ணப் போற?"

"தினமும் காலைல பண்றதத்தான்."

"அப்போ ஒத்துக்கற! நீதான் கெடுத்த!"

"கெடுத்தனா? நீங்க சாயங்காலம் கெடுத்து வெக்கறத நான் காலைல சரி பண்ணிக்கினு இருந்தேன். இல்லன்னா பட்டுப்புடவையோட எத்தினி தபா தள்றது?" ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுல குண்டூசி வுட்டீங்களா?"

"சுத்தம் பண்ணேன்."

"ஓட்டை பெருசாயிடுச்சி. நீங்க குத்துவீங்கன்னு எனுக்குத் தெரியும்." பையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பொட்டலத்துக்குள் புது ஜெட்! "கலீலுல்லா பாய்கிட்ட சொல்லி வரவழைச்சேன்."

"உனக்கு எப்படி இதெல்லாம்?"

"மூங்கில்துறைப்பட்டுல எங்கப்பா கரும்புக்குத் தண்ணி பாய்ச்ச நாலு மண்ணெண்ணெய் எஞ்சின் வாடகைக்கு வுட்டாரு. தினமும் ஜெட்டு அடைச்சிக்கும். நாலையும் கழட்டி ஊதி மாட்டிட்டுத்தான் நான் ஸ்கூலுக்கே போவேன்."

"சொல்லவே இல்லையே!"

"ரசத்து வாசனையப் பாக்கச் சொன்னீங்களே! மேல ஏற ஏற காத்து கம்மிங்க. நீங்க பெட்ரோல ஜாஸ்தியா ஊத்திக்கினு இருந்தா பாவம், அது எப்படி மூச்சு வுடும்?"

ஸ்க்ரூவை உள்ளே திருகினாள். என்னைச் சாவி போடச் சொன்னாள். காதை எஞ்சின் பக்கம் சாய்த்து, கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகினாள். சத்தம் ஒரே சீராக நின்றது. விக்கல் இல்லை, புகை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் உயிர் பிழைத்ததே! இடத்தை விட்டு அசையாமல் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இறங்குங்க," என்றாள். பையிலிருந்து பத்திரத்தை எடுத்து விரித்தாள். "எக்காரணத்தைக் கொண்டாவது நின்னுச்சி. தொடவும் மாட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"செவ்வந்தி, உனக்கு ஓட்டத் தெரியாதே!"

"லைசென்ஸ் எடுத்து ஆறு மாசமாச்சு."

ஆறு மாசம்! கார் வாங்கியே ஏழு மாசம்தான் ஆகிறது!

"அப்போ விக்கணும்னு நீ சொன்னதே இல்லியா?"

"யோசிச்சுப் பாருங்க. விக்கறதுன்னு ஒரு நாளாவது சொன்னனா?"

யோசித்தேன். அவள் சொல்லவேயில்லை.

விசேஷத்துக்கு நேரமாகிவிட்டதால், வெள்ளிமலை வரைக்கும் பரவாயில்லை என்று பக்கத்துச் சீட்டில் ஏற்றிக்கொண்டாள். பால் பொங்கியது, சாப்பாடு முடிந்தது. திரும்புகிற நேரத்தில் என் மாமியார் அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "கள்ளக்குறிச்சில நாலு நாள் இருந்துட்டு வர்றேன் மாப்ள," என்றார். இரண்டே சீட்டுக் கார். நான் பஸ் ஏறினேன்.

அடிவாரத்தில் செக்போஸ்ட். பஸ் நின்றது. பக்கத்தில் சிவப்புக் கார், எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டே காத்திருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இன்னா ஸ்லோ சார்! வண்டி நிக்குதா ஓடுதான்னே தெரியல. இப்படி வெக்கறதுக்கு ஒரு கை வேணும். அதோ, ஓட்டறவங்க உங்களப் பாத்துத்தான் கை காட்றாங்க. தெரிஞ்சவங்களா?"

"கொஞ்சம் பழக்கம்," என்றேன்.