மூஸுக்கு முளைச்ச பல்லு

மூஸோட உடைஞ்ச பல்லு திரும்ப முளைச்சிருந்துச்சு.

எங்க ஊர்க் கண்காட்சியில, நாயக் கையாளுற போட்டிக்கு நடுவரா வந்த மிஸஸ் வாந்த்ரா குனிஞ்சு, "பல்லக் காட்டும்மா"ன்னாங்க. நாலு மாசமா பழகுன மாதிரியே நாயோட உதட்டத் தூக்கிக் காட்டுனேன். இடது பக்கக் கோரைப்பல்லு முழுசா, வெள்ளையா, பளபளன்னு நிக்குது. மூஸ் அந்தப் பல்ல போன வருஷமே டிராக்டர் கொக்கியக் கடிச்சு பாதியா உடைச்சவன்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. என் கையில இருக்கறது மூஸே இல்ல. டீசல். என்கூடப் போட்டியில நிக்கற ஆர்லோ ஸ்வபோடாவோட நாய்.

ரெண்டும் ஒரே ஈத்துல பொறந்த கருப்பு லாப்ரடார். குளிப்பாட்டுற இடத்துல பக்கத்துப் பக்கத்துல கட்டியிருந்தோம். எங்க நாய் கிளப்புல எல்லாருக்கும் ஒரே பச்சைக் கயிறு. நான் பயத்துல பன்னிக் கொட்டகைக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்துட்டு, மைக்குல பேரக் கூப்பிட்டதும் ஓடிவந்து, ஈரமா இருந்த ஒரு கருப்பு நாய அவுத்துட்டு வந்துட்டேன். எது யாருதுன்னு யாரு பாத்தா?

நீ கேப்ப, உடனே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானன்னு. சொல்லியிருக்கலாம். ஆனா போன வருஷம் இதே இடத்துல, இதே அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டதுக்கு, நாய அப்படியே விட்டுட்டு அழுதுகிட்டு ஓடிட்டேன். அன்னைலேர்ந்து ஸ்கூல் பஸ்ல எனக்கு 'எக்ஸ்பிரஸ்'னு பேரு. இந்த வருஷம் தலையே போனாலும் அந்தப் போட்டி வட்டத்த விட்டு வெளிய வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். முதல் பரிசு ஊதா ரிப்பன், ஒண்ணே ஒண்ணு. அது கிடைச்சவங்கதான் மாநிலக் கண்காட்சிக்குப் போகலாம். விதி என்னன்னு எனக்குச் சரியாத் தெரியாது. ஆனா அடுத்தவன் நாயப் புடிச்சுகிட்டு நிக்கறேன்னு சொன்னா, வெளிய போன்னுதான் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்.

சரி, சமாளிப்போம்னு நின்னேன்.

"நாய்க்குப் பேரு என்ன?"

"மூஸ், மேடம்."

"கூப்புடு, பாப்போம்."

"மூஸ்."

டீசல் என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. எதிர்ல நின்ன ஆர்லோவப் பாத்து வாலாட்டுனான். ஆர்லோகிட்ட இருந்த நிஜ மூஸ் எந்திரிச்சு என்னப் பாத்து வாலாட்டுனான்.

"கொஞ்சம் காது கேக்காது, மேடம்."

மிஸஸ் வாந்த்ரா டீசல் தலைக்குப் பின்னாடி விரலச் சொடுக்குனாங்க. துள்ளிட்டான்.

"கேக்குதே."

"ஒரு காதுதான் மேடம் கேக்காது."

"எந்தக் காது?"

"உங்க பக்கம் இல்லாதது."

அந்தம்மா பொறுமையா சுத்தி அந்தப் பக்கம் வந்து சொடுக்குனாங்க. அதுக்கும் துள்ளுனான்.

"எப்போலேர்ந்து இந்தக் கோளாறு?"

"இன்னிக்குக் காலைலேர்ந்து, மேடம்."

அட்டையில என்னமோ எழுதுனாங்க. ரொம்ப நேரம் எழுதுனாங்க.

நாய் நம்மளப் பாக்கணும்னா நம்ம வாயில ஈரல் துண்டு வச்சிருந்து, அப்பப்ப எடுத்துக் காட்டணும். எல்லாரும் அப்படித்தான். அப்பா அவிச்சுக் குடுத்த ஈரல் மொத்தத்தயும் வாயில அடைச்சுகிட்டேன். டீசல் ஒருதடவ மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிகிட்டான். அந்த நேரம் பாத்து அந்தம்மா, "நாய்க்கு மொத்தம் எத்தன பல்லு?"ன்னாங்க.

முழுங்குறதத் தவிர வேற வழியில்ல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"நாப்பத்திரெண்டு, மேடம்."

"உன் நாய்க்கு?"

விண்ணப்பத்துல நானே என் கையால எழுதியிருக்கேன், ஒரு பல்லு உடைஞ்சு போச்சுன்னு. அது அவங்க அட்டையில இருக்கு.

"நாப்பத்தொண்ணு, மேடம்."

"நான் இப்பதான பாத்தேன். எல்லாம் முழுசா இருக்கு."

"முளைச்சிருக்கும், மேடம்."

மறுபடி எழுதுனாங்க. "சரி, முக்கோணமா ஒரு ஓட்டம் ஓடிக் காட்டு"ன்னாங்க.

முதல் பக்கம் ஒழுங்காப் போனோம். ரெண்டாவது பக்கம் திரும்பணும், டீசல் திரும்பல. நேரா ஆர்லோவப் பாத்து இழுத்தான். நிறுத்துனா கட்டுப்பாடு இல்லைன்னு தெரிஞ்சுடும், அதனால நானே அங்கதான் போக நெனச்ச மாதிரி முதுக நிமித்தி, சிரிச்ச மூஞ்சியோட கூடவே ஓடுனேன். ஆர்லோ கால்ல போய் மோதி நின்னோம்.

ஆர்லோ உதட்ட அசைக்காமச் சொன்னான், "ஜோலீன், என்கிட்ட இருக்கறது உன் நாய்."

"தெரியும். வாய மூடு."

"மேடம்கிட்ட சொல்லிடலாமா?"

"சொன்ன, உன்னக் கொன்னுடுவேன்."

பின்னாடியே குரல் வந்துச்சு. "நான் முக்கோணம் கேட்டேன்."

"பெரிய முக்கோணம், மேடம்."

அந்தம்மா கண்ணாடியக் கழட்டுனாங்க. என்ன ஒரு தடவ, ஆர்லோவ ஒரு தடவ, ரெண்டு நாயயும் ஒரு தடவ பாத்தாங்க. "நீங்க ரெண்டு பேரும் நாய மாத்திக்குங்க. மாத்திகிட்டு ஆளுக்கு ஒரு சுத்து வாங்க."

பழக்கமில்லாத நாய எப்படிக் கையாளுறோம்னு பாக்க நடுவருங்க இப்படி மாத்தச் சொல்றது உண்டு. ஆனா சொன்னா எல்லாரையும் சொல்லணும். ஏழு பேர் நின்னோம், எங்க ரெண்டு பேர மட்டும் சொன்னாங்க. தண்டனைதான்னு நெனச்சுகிட்டேன்.

கயிறு கைமாறுச்சு. மூஸ் என் கால ஒட்டி வந்து நின்னான் பாரு, எனக்கு அப்படியே உக்காந்து அழணும்போல இருந்துச்சு. ஒரு சுத்து வந்தோம். தண்ணி மாதிரி ஓடுனான். நில்லுன்னா நின்னான். ஆர்லோவும் டீசலும்கூட அப்படித்தான். வேலிக்கு வெளிய கை தட்டுனாங்க.

"நல்லது. வரிசைக்குப் போங்க"ன்னாங்க அந்தம்மா.

ஆர்லோ டீசலக் கூட்டிகிட்டு நடந்தான். மாத்திகிட்டா திருப்பிக் குடுக்கணும், அதான் வழக்கம். குடுக்காமப் போனா, ஏன் குடுக்கலன்னு யோசிப்பாங்க. யோசிச்சா மாட்டுவோம். ஓடிப்போய் ஆர்லோ சட்டையப் புடிச்சேன்.

"நாயக் குடு."

"ஏய், இதுதான் என்னோட..."

"குடுன்னா குடு. அந்தம்மா பாக்கறாங்க."

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு"ன்னு முணுமுணுத்துகிட்டே குடுத்தான். மூஸ வாங்கிட்டுப் போனான். டீசல் உடனே என் ஷூ லேஸக் கடிக்க ஆரம்பிச்சான். மிஸஸ் வாந்த்ரா வாயப் பொளந்து பாத்துகிட்டே இருந்தாங்க. நான் அசையல. போன வருஷம் ஓடுன அதே கதவு பின்னாடி திறந்துதான் கிடந்துச்சு. ஒரு அடி நகரல. லேஸு அறுந்தப்பகூட நகரல.

கடைசில ஒவ்வொருத்தரா கை குடுத்துகிட்டே வந்தாங்க. என்கிட்ட வந்து நின்னு, "இருபது வருஷமா நடுவரா இருக்கேன். உன்ன மாதிரி ஒரு பொண்ணப் பாத்ததில்ல"ன்னு சொல்லி, ஊதா ரிப்பன என் கையில திணிச்சுட்டுப் போயிட்டாங்க.

எல்லாம் தெரிஞ்சுதான் குத்திக் காட்டுறாங்கன்னு நெனச்சேன். வெளிய அப்பா ஓடிவந்து டீசலக் கட்டிப் புடிச்சு, "என் தங்கம் மூஸ், இன்னிக்கு நீதான்டா ராஜா"ன்னு கொஞ்சுறாரு. டீசல் அவரு தொப்பியப் புடுங்குறான். ஆர்லோ கொஞ்ச தூரத்துல நின்னு, "என் நாயத் தர்றியா இல்லையா?"ன்னு சைகை காட்டுறான்.

அதுக்கு மேல தாங்கல. தப்பா வாங்குன ரிப்பனோட மாநிலக் கண்காட்சிக்குப் போறதுக்கு 'எக்ஸ்பிரஸ்'னே இருந்துட்டுப் போறேன்னு தோணிடுச்சு. நாய ஆர்லோகிட்ட குடுத்துட்டு, திரும்ப உள்ள போனேன். மிஸஸ் வாந்த்ரா கிளம்பிட்டாங்க. கையில கட்டுன நம்பர் பட்டையெல்லாம் வாங்கிப் பெட்டியில போட்டுகிட்டிருந்த எல்டன் மட்டும் இருந்தாரு. காலைலேர்ந்து வட்டத்துக்குள்ள அந்தம்மாவுக்கு அட்டை எடுத்துக் குடுத்தவரு.

வாந்தி எடுத்ததுலேர்ந்து லேஸு வரைக்கும் ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டு ரிப்பன நீட்டுனேன். எல்டன் அத வாங்கல. சூரியகாந்தி விதைய மென்னுகிட்டே சொன்னாரு:

"பல்லப் பத்திக் கேட்டப்பவே அது உன் நாய் இல்லன்னு அவங்களுக்குத் தெரியும்மா. இந்தப் போட்டியில நாய யாரு பாக்கறா, நாயப் புடிச்சு நடத்துற கையத்தான பாக்கறோம். பயந்த புள்ளையாச்சேன்னு உன் நாய உன்கிட்டயே சேக்கத்தான் மாத்தச் சொன்னாங்க. நீதான் 'எனக்கு அடங்காத நாயே போதும்'னு மறுபடி புடுங்கிகிட்ட, அந்தத் தைரியத்துக்குத்தான் இந்த ரிப்பன்."