சீனாக்காரி

நாக்கில் வைத்துப் பார்க்காமல் கற்கண்டையும் சீனாக்காரத்தையும் பிரித்தறிவது எப்படி? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. இத்தனைக்கும், "சீனாக்காரம் கந்தகம் சேர்ந்த ஓர் உப்பு, கலங்கிய நீரைத் தெளிவிக்கும், துணியில் சாயத்தை நிறுத்தும், சிறு காயத்தில் இரத்தத்தைக் கட்டும்" என்று பரீட்சையில் எழுதி முழுப் புள்ளி வாங்கியவள் நான். (கற்கண்டைப் பற்றிக் கேள்வி வரவில்லை.)

என் மூத்த மகளுக்கு முடி இறக்கிப் பெயர் வைக்கும் நாள். கல்முனையில் எங்கள் வீடு கொள்ளாத கூட்டம். கணவரின் தாயாரான மாமி ஒரு முடிவோடு வந்திருந்தார்: பிள்ளைக்கு அவருடைய உம்மாவின் பெயர், செய்னம்பு. எனக்கோ 'நஸீரா' என்று வைக்கக் கொள்ளை ஆசை. மாமியிடம் அதைச் சொல்ல வாய் வரவேண்டுமே!

அடுக்களையில் என் உம்மா, பொட்டலமாக மடித்த இரண்டு கடதாசிச் சரைகளைத் தந்தார்.

"இது சீனாக்காரம். கத்தி பட்டாப் பூச ஒஸ்தாக்குக் குடு. இது கற்கண்டு, சர்பத்துக்கு. மாத்திப் போடாத மகள்."

ஒஸ்தா என்றால் எங்கள் ஊர் நாவிதர். சரைகளைச் சரியாகத்தான் பிடித்திருந்தேன். வாசற்படியில் சந்தேகம் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால், இரண்டும் உடைந்த கண்ணாடி போலவே மின்னின. நன்றாக யோசித்து, கை மாற்றிக்கொண்டேன். அப்பாடா, எவ்வளவு நிம்மதி!

சர்பத்தின் முதல் கோப்பை மாமிக்கு. ஒரே மடக்காகக் குடித்தார். அந்த நேரம் பார்த்து, திரைக்கு அப்பால் இருந்து, பெயர் ஓத வந்த பள்ளிவாசல் லெவ்வை கேட்டார்: "புள்ளக்கி என்ன பேர்?"

எல்லோரும் மாமியைப் பார்த்தோம். அவர் வாய் சுருக்குப் பை போல இழுத்துக்கொண்டிருந்தது.

"ச்… ச்…" என்றார் மாமி.

"விளங்கல்ல. சட்டெண்டு சொல்லுங்க!"

பயத்தில் என் வாய் திறந்துகொண்டது. "நஸீரா!"

"ஓம், நல்ல பேர்" என்று லெவ்வை பெயரை ஓதியே விட்டார். வெளியில் ஒஸ்தா கத்தினார்: "தங்கச்சி, இதென்ன சீனாக்காரம்? புள்ளட தலை ஒட்டுது, எறும்பும் வருது!"

மாமி வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"படிச்ச புள்ளதான்! என்ட வாயக் கட்டிப்போட்டு உன்ட பேர வெச்சிட்டாய். வெச்சிக்க. நான் இவளச் சீனாக்காரி எண்டுதான் கூப்பிடுவன்."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். கூப்பிடவும் செய்தார். இப்போது தெருவே கூப்பிடுகிறது.

வரும் தை மாதம் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும். நேற்று ஒத்திகை பார்த்தேன்.

"உங்கட பேர் என்ன மகள்?"

"சீனாக்காரி!"

"இல்ல, நஸீரா."

"அது ஆரு உம்மா?"

சேர்க்கும் நாளில் கூட வருவதாக மாமி சொல்லியிருக்கிறார். வாசகச் சகோதரிகளே, நான் என்னதான் செய்ய? யாராவது ஒரு வழி சொல்லுங்கள். மாமிக்கு ஏதாவது குடிக்கக் கொடுக்கும்படி மட்டும் சொல்லாதீர்கள். என் கையால் அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.